எனக்கு நானே எழுதிய கடிதம்

2020 புரட்டாதியில், கனடாவின் மிஸிசாகாவில் ஒரு பெரிய சரக்கு நிறுவனத்துக்கு ட்ரக் ஓடும் வேலை கேட்டுப் போனபோது ஓர் அனுபவக் கடிதமும் கொண்டுபோனேன். 'இவர் எங்களிடம் இரண்டு வருடம் வேலை செய்தார், நேரம் தவறாதவர், நேர்மையானவர்' என்று அதில் இருந்தது. கடிதத்தை எழுதியவன் நான். 'நேர்மையானவர்' என்ற சொல்லைக் கடைசியில் யோசித்துச் சேர்த்தவனும் நான்தான். கீழே மனேஜர் என்று கையெழுத்து வைத்தது என் மனைவி.

அந்த நிலைக்கு வந்ததற்கு ஒரு கதை இருக்கிறது.

ரெயிலர் இழுக்கும் பெரிய ட்ரக்குகளுக்கான ஏ-இசட் லைசன்ஸ் நான் எடுத்தது 2018இல். ஒன்ராறியோவில் புதிதாக இந்த லைசன்ஸ் எடுக்கிறவர்கள் குறைந்தது 103.5 மணித்தியாலம் பயிற்சி எடுக்கவேண்டும் என்ற சட்டம் அதற்கு முதல் வருடம் ஆடி மாதம் வந்திருந்தது. சட்டம் வருமுன் ஒரு கிழமையில் பழகி எடுத்துக்கொண்டு ஓடினவர்கள் ஸ்காபரோவில் எத்தனையோ பேர். நான் கிட்டத்தட்ட ஏழாயிரம் டொலர் கட்டினேன், பாதி கிரெடிட் கார்டில். அந்தக் கடன்தான் என் அவசரத்துக்குக் காரணம் என்று கனகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் காரணம் என் கொழுப்பு.

எங்கள் ஊர் அண்ணை ஒருவர் எல்.ரி.எல் நிறுவனமொன்றில் இருபது வருடமாக ஓடிக்கொண்டிருந்தார். ஒரு வியாபாரியின் சரக்கு மட்டுமே 53 அடி ரெயிலரை நிரப்பினால் அது ஃபுல் லோட். எல்.ரி.எல் அப்படியல்ல. ஒருவரின் நாலு பலகை தரை ஓடு, இன்னொருவரின் இரண்டு பீப்பா எண்ணெய், வேறொருவரின் கட்டில் மெத்தை எல்லாம் ஒரே ரெயிலரில் போகும். யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்களுக்கு இது புதிதில்லை. சுன்னாகம் சந்தையில் பத்துப் பேரின் வெங்காய மூட்டைகளை ஒன்றாக ஏற்றிக்கொண்டு கொழும்பு நாலாம் குறுக்குத்தெருவுக்குப் போன லொறியும் இதே வேலையைத்தான் செய்தது. இங்கே வித்தியாசம், இடையில் டெர்மினல்கள் இருக்கின்றன. பகலில் சிற்றி ட்ரைவர்கள் நகரமெல்லாம் சுற்றிச் சேர்த்துவரும் சரக்கை, பின்னேரம் டொக்கில் ஃபோர்க்லிஃப்ட் காரர் ஊர் ஊராகப் பிரித்து வேறு ரெயிலர்களில் ஏற்றுவார்கள். இரவில் லைன்ஹோல் ட்ரைவர் அதை இழுத்துக்கொண்டு அடுத்த டெர்மினலுக்குப் போவார். நெடுந்தூர ஓட்டம் என்றால் இந்தத் தொழிலில் அந்த லைன்ஹோல்தான்.

அண்ணை சொன்னார், "தம்பி, இப்ப டொக்கிலை ஆள் எடுக்கிறாங்கள். இரவு வேலை, மணித்தியாலக் காசு. ஒரு வருசம் நிண்டாயெண்டால் அவங்களே உன்னை லைன்ஹோலுக்கு ஏத்துவாங்கள்."

"ஏழாயிரம் குடுத்து லைசன்ஸ் எடுத்தது ஃபோர்க்லிஃப்ட் ஓடவோ அண்ணை?" என்று கேட்டேன். என்னோடு ஒரே வகுப்பில் பழகிய வவுனியாப் பெடியன் ஒருவனும் பக்கத்தில் நின்றான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கள் டொக்கில் சேர்ந்துவிட்டான்.

நான் சேர்ந்தது பிரம்டனில், பத்துப் பன்னிரண்டு ட்ரக் வைத்திருந்த ஒரு கொம்பனியில். மைலுக்கு எத்தனை சதம் என்று கேட்டேன். மற்ற இடங்களைவிடக் கூடச் சொன்னார்கள், உடனே தலையாட்டினேன். ஒரே நிபந்தனை, நான் ஒரு நம்பர் கொம்பனி, அதாவது பெயருக்குப் பதில் வெறும் எண் உள்ள கொம்பனி, எனக்கென்று பதியவேண்டும், காசோலை அந்தக் கொம்பனிக்கு வரும். வரி, ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்புறுதி ஒன்றும் வெட்டமாட்டார்கள். ட்ரக் அவர்களுடையது, டீசல் அவர்களுடையது, எங்கே எப்போது போவதென்று சொல்வதும் அவர்கள். நான் மட்டும் 'முதலாளி'. இங்கே இதற்கு 'ட்ரைவர் இன்க்' என்று பெயர்.

அண்ணையிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்டது ஒரு கேள்விதான். "ரி-4 தருவாங்களோ?" ரி-4 என்பது இங்கே வேலைகொடுப்பவர் வருட முடிவில் ஊழியருக்குத் தரும் சம்பளத் துண்டு. "துண்டை வைச்சு என்ன செய்யிறது அண்ணை, காசு முழுசா வருது" என்றேன்.

இரண்டு வருடம் ஓடினேன். டிட்ரோயிட் பாலத்தில் பனிக்குளிரில் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன், சிக்காகோவில் ஒரு குளிர்க் களஞ்சிய வாசலில் ஒன்பது மணித்தியாலம் காத்திருக்கிறேன். சக்கரம் உருண்டால்தான் மைல், மைல் இருந்தால்தான் காசு. 2020 வசந்தத்தில் கொரோனா வந்து லோட் குறைந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை ஃபோனில் மெசேஜ் வந்தது, திறப்பைக் கொண்டுவந்து தரச்சொல்லி. வேலையிழப்புக் காப்புறுதி கேட்கப் போனால், நான் ஊழியனே இல்லையாம், முதலாளியாம்.

அப்போதுதான் எல்.ரி.எல் ஞாபகம் வந்தது. மிஸிசாகா நிறுவனம் கூப்பிட்டது. சோதனை ஓட்டத்துக்கு வந்தவர் அறுபது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். ட்ரக்கைப் பின்னுக்கு விட்டு ரெயிலரில் கொழுவச் சொன்னார். விட்டேன், 'டக்' என்று சத்தம் கேட்டது. முன்னுக்கு இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. இறங்கி வயர்களைப் பூட்டிவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் பொக்கற்றிலிருந்து ஒரு சின்ன ரோர்ச் லைற்றை எடுத்து என் கையில் தந்துவிட்டுப் பேசாமல் நின்றார். எனக்கு விளங்கவில்லை. கடைசியில் தானே குனிந்து ரெயிலருக்குக் கீழே தலையை விட்டு வெளிச்சம் அடித்துக் காட்டினார். ரெயிலரின் அடியில் இருக்கும் கிங்பின் என்ற கட்டையைச் சுற்றி ட்ரக்கின் இரும்புத் தாடை முழுதாக மூடியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும், சத்தத்தை நம்பக்கூடாது. 103.5 மணித்தியாலத்தில் இதை எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். இரண்டு வருட ஓட்டத்தில் ஒருநாளாவது நான் அந்த இடத்தைக் குனிந்து பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் என்னை விட்டுவிட்டார்.

விடாதது ஆட்சேர்ப்பு அறையில் இருந்த பெண். இரண்டு வருட அனுபவத்தைக் காப்புறுதிக்காரருக்கு உறுதிப்படுத்தவேண்டும் என்றார். பிரம்டன் கொம்பனியிடம் நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். "நீ எங்கடை ஊழியன் இல்லை, உன்ரை கொம்பனியிட்டை வாங்கு" என்றார்கள். அதில் ஒரு பகிடியும் இருந்தது, ஒரு வழியும் இருந்தது. வழியைப் பிடித்தேன். என் கொம்பனியின் பெயரில் எனக்கே எழுதிக் கொண்டுபோன கடிதம் அதுதான்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பெண் கடிதத்தில் இருந்த நம்பருக்கு அடித்திருக்கிறார். மனைவி அடுப்படியில் நின்று எடுத்திருக்கிறாள். என் பெயரைச் சொல்லி இவரைப் பற்றி விசாரிக்கவேண்டும் என்றதும், பாவம், யோசிக்காமல் சொல்லியிருக்கிறாள்: "அவர் நித்திரை. எழுப்பவா?"

நான் எழும்பி வந்து ஃபோனை வாங்கினேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. என் விண்ணப்பத்தை மூடிவிட்டதாக மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மனைவி அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பொய்க்குக் கையெழுத்து வைத்தது தான், பிடிபட்டதும் தான் என்று அவளுக்கு ஆத்திரம்.

மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் ட்ரக் தொழில் மத்திய தொழிற் சட்டத்துக்குள் வருகிறது. பிரம்டன் கொம்பனி செய்ததுபோல ஊழியரை ஊழியரில்லை என்று காட்டுவதை அந்தச் சட்டம் 2021 ஜனவரியில் இருந்து வெளிப்படையாகத் தடைசெய்கிறது. எனக்கு அது பிந்தி வந்தது. வரிக் கடிதம் மட்டும் பிந்தவில்லை. ஒரே இடத்துக்கு ஊழியன் மாதிரி வேலை செய்யும் நம்பர் கொம்பனிக்குச் சிறு வியாபார வரிச் சலுகை கிடையாதென்று, கூடக் கிடைத்ததாக நான் நினைத்த சதங்களில் பெரும்பகுதியை அது திருப்பிக் கேட்டது.

வெட்கத்தை விட்டு அண்ணைக்கு அடித்தேன். "நான் சொன்னனான் தானே" என்று அவர் சொல்லவில்லை. "திங்கள் இரவு பத்து மணிக்கு டொக்குக்கு வா, இரும்பு மூக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா" என்றார். 2018இல் வேண்டாம் என்ற அதே டொக். பதினாலு மாதம் ஃபோர்க்லிஃப்ட் ஓடினேன். ரெயிலருக்குள் பாரத்தை எப்படிப் பங்கிட்டு அடுக்கவேண்டும், எதன்மேல் எதை வைக்கக்கூடாது என்பதெல்லாம் அங்கே பழகியது. எந்த மனேஜர் எந்த நேரம் நல்ல மனநிலையில் இருப்பார் என்பதும் அங்கேதான் தெரியவந்தது. இந்த வேலைகளில் பல விளம்பரத்துக்கே வருவதில்லை. உள்ளே நிற்பவனுக்கு முதலில் தெரிந்துவிடும்.

இப்போது லைன்ஹோல் ஓடுகிறேன். தொடக்கத்தில் ஸ்பெயர் போர்டில் பெயர் இருந்தது. யாராவது வராவிட்டால் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுவார்கள், கூப்பிடாமலும் விடுவார்கள். பிறகு மொன்றியல் பாதை கிடைத்தது. நான் ரொறன்ரோவில் இருந்து கிளம்ப, மொன்றியல் ட்ரைவர் அங்கிருந்து கிளம்புவார். 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்ரனுக்குக் கிட்ட இருவரும் ரெயிலரை மாற்றிக்கொண்டு திரும்புவோம். காலையில் சொந்தக் கட்டிலில் நித்திரை. வருடத்தில் சில தடவை இருவராக வின்னிபெக் போவோம், 2,000 கிலோமீற்றருக்கு மேல். சுப்பீரியர் ஏரிக் கரையில் வாவாவுக்குக் கிட்டப் பனி கொட்டினால் பாதையையே மூடிவிடுவார்கள். அங்கே காத்திருக்கும் நேரத்துக்கும் சம்பளம் உண்டு.

இந்தத் தொழில் பொன் விளையும் பூமி என்று நான் சொல்லவரவில்லை. 1924இல் தொடங்கிய அமெரிக்காவின் யெல்லோ நிறுவனம் 2023இல் மூடப்பட்டபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். அவர்களும் எல்.ரி.எல் காரர்தான்.

ஒன்ராறியோவில் இரண்டு முழு நீள ரெயிலரை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும் வேலைக்குக் காசு கூட. அதற்கு நிரூபிக்கக்கூடிய ஐந்து வருட ரெயிலர் அனுபவம் வேண்டும். என் கணக்கு டொக்கை விட்டு ஏறிய நாளில்தான் தொடங்குகிறது. எங்கள் டெர்மினலில் பாதைகளை சீனியோரிட்டி வரிசையில்தான் தெரிவு செய்வோம். அந்தப் பட்டியலில் வவுனியாப் பெடியன் என்னைவிட இரண்டு வருடம் மேலே இருக்கிறான். பகல் ஓட்டம் அவனுக்கு, இரவு ஓட்டம் எனக்கு.