மணலில் சிக்கிய ஜீப்... கொக்கி சொன்ன பாடம்!

ராஜஸ்தானின் ஜெய்சால்மரிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கின்றன சம் மணல் குன்றுகள். சூரிய அஸ்தமனம் பார்க்கும் ஆசையில், எங்கள் குட்டி ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை மணலில் இறக்கினேன். பாதிச் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது!

உதவிக்கு வந்தார் உள்ளூர் ஜீப் டிரைவர் ஒருவர். பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் பெல்ட்டைக் கட்டப் போனேன். “வேண்டாம் பாய் சாப்! இழுக்கும்போது அது உடைஞ்சா தோட்டா மாதிரி பறக்கும்” என்று பதறினார். சில அடி தூரத்தில் என் மகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வியர்த்துவிட்டது.

பம்பருக்கு அடியிலிருந்த சின்ன வளையமும் ஆகாதாம். அது, வண்டியை லாரியில் ஏற்றும்போது கட்டிவைக்க மட்டுமே. கடைசியில் மணலைத் தோண்டி, டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ-க்குக் குறைத்து, மெதுவாக வெளியே வந்தோம்.

ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை, ‘ரெக்கவரி பாயின்ட்’ பொருத்தியதுதான். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. எவ்வளவு எடை தாங்கும் என்று அதன்மீதே பொறித்திருக்க வேண்டும். பம்பரில் அல்ல, சேஸிஸில் ஹை டென்சைல் போல்ட் போட்டு முடுக்க வேண்டும்.

மணல் பக்கம் போகிறீர்களா? கிளம்பும் முன் ஒருமுறை குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். இழுக்கும்போது பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்!