குயிலாப்பாளையம் டூ மரக்காணம்: ஒரு நடராஜா சர்வீஸ்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. போன மாசம் ஒரு சனிக்கிழமை நானும் நண்பனும் செஞ்ச வீரதீரச் செயலைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நண்பன் குயிலாப்பாளையத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். காலேஜ்ல ஒரே பெஞ்ச். "மச்சான், இங்கேர்ந்து மரக்காணம் உப்பளம் வரைக்கும் நடந்தே போலாமாடா? உன்கிட்ட பேசியும் ரொம்ப நாளாச்சு"ன்னு போன் பண்ணினான். நான் முதல் பாதியைத்தான் காதுல வாங்கினேன். உடனே எக்ஸெல்லைத் திறந்தாச்சு. 25 கிலோமீட்டர் சொச்சம், மணிக்கு 5, காலை 5 மணிக்குக் கிளம்பினா இடைவேளை சேர்த்து 12 மணிக்குள்ள முடிச்சிரலாம்.

1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோட திருச்சியில கிளம்பி, 28-ம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அப்ப அவருக்கு வயசு 51. சராசரியா ஒரு நாளைக்கு 15, 16 கிலோமீட்டர்தான் வருது. "நாம யூத்துடா, ஒரே நாள்ல 25"ன்னு நக்கல் வேற அடிச்சேன். (நூறு பேர் சேர்ந்து நடக்கணும்னா கடைசி ஆள் வேகத்துலதான் நடக்கணும்கிறது அப்ப உறைக்கலை.)

செம்மண் ரோட்டுல இறங்கி, பெரிய முதலியார்சாவடி தாண்டி ஈசிஆர் பிடிச்சோம். கொஞ்ச தூரத்துல பாண்டிச்சேரி யூனியன் பிரதேசம் ஆரம்பம். போர்டு பார்க்கவே வேணாம், ஒயின்ஷாப்பே சொல்லிடும் :-) காலாப்பட்டு, யுனிவர்சிட்டி எல்லாம் தாண்டி, கனகசெட்டிக்குளத்தோட மறுபடி தமிழ்நாடு. அங்கதான் நண்பன் நொண்ட ஆரம்பிச்சான். புது ஷூ, குதிகால்ல கொப்புளம். "நீ போடா, நான் மெதுவா வர்றேன்"னான்.

நானும் போயிட்டேன். முதல்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் இயர்போனை மாட்டிக்கிட்டேன். திரும்பலை.

அனுமந்தையில ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஆளைக் காணோம், போனையும் எடுக்கலை. முதல்ல எரிச்சல், அப்புறம் பயம். லாரிகள் பறக்கிற ரோடு அது. வந்த வழியே திரும்பி ஓட்டமும் நடையுமா போனேன். கூனிமேடு பக்கம் ஒரு டீக்கடை பெஞ்ச்ல, காலை ஒரு பக்கெட் தண்ணில விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். போன் சார்ஜ் இல்லையாம்.

கடைக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "நீதான் கூட வந்த தம்பியா? வேலை போயி ரெண்டு மாசமா ஊட்ல கூட சொல்லாம இருக்குது இந்தப் புள்ள. அழுவாத குறையா பேசிக்கினு இருக்குது. நீ எங்க போன?"

என்கிட்ட பதில் இல்லை. விடியற்காலை அஞ்சு மணிலேர்ந்து நாலு மணி நேரம் பக்கத்துலயே நடந்திருக்கேன். கிலோமீட்டர் கணக்கைத் தவிர நான் எதுவுமே பேசலை. அவன் எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

மிச்ச தூரம் பஸ்லதான். ஹிஹி, சாதனை முறியடிக்கப்படவில்லை.

சங்க இலக்கியத்துல சிறுபாணாற்றுப்படை சொல்ற எயிற்பட்டினம் மரக்காணம்தான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. முன்னாடி போய்ட்டு வந்த பாணன், எதிர்ல வர்ற இன்னொரு பாணனை நிறுத்தி வழி சொல்றதுதான் ஆற்றுப்படை. நான் செஞ்சது என்ன படையோ.

உப்பளத்துல நாங்க போனப்போ ஆள் நடமாட்டமே இல்லை. வெயில் ஏறுறதுக்குள்ள உப்பு வாரி முடிச்சிருவாங்க, வெள்ளைல பட்டு வர்ற வெளிச்சத்துல கண் கூசிடும். பாத்தி பாத்தியா தேங்கின தண்ணி, ஓரமா கீத்து போட்டு மூடின உப்புக் குவியல். வரப்புல உட்கார்ந்து இருட்டுற வரைக்கும் அவன் பேசினான், நான் கேட்டேன். அப்பா அம்மாகிட்ட அன்னிக்கு ராத்திரியே, பஸ்ஸ்டாண்ட்ல என் போன்லேர்ந்தே சொல்லிட்டான்.

"அடுத்து திருச்சி - வேதாரண்யம் போலாமாடா? 15 நாள்?"னு கேட்டேன்.

"முதல்ல என் ரெஸ்யூமைப் பார்த்துக் குடு"ன்னான்.

நேத்து நைட்டுதான் பார்த்து அனுப்பினேன். ஸ்பெல்லிங் மிஸ்டேக் மட்டும் ஒன்பது.