திக்கி ஓதும் பிள்ளையும் சலிக்காத விளையாட்டும்



நமது மக்தபில் ஒரு சிறுவன், ‘ஸீன்’, ‘ஸாத்’ எழுத்துகளைப் பிரித்தறிய இயலாமல், ஓதுவதற்கே அஞ்சினான். அவனே வீட்டில் கைபேசியில் அரபு எழுத்து விளையாட்டை ஆடும்போது 10 முறை தவறியும் விடாது தொடர்வதாக அவனது தாயார் கூறினார். நாம் தலைகுனிந்தோம்.

டுவோலிங்கோ போன்ற செயலிகளில் செயற்கை நுண்ணறிவு, கற்பவர் எந்த வினாவுக்குச் சரியாக விடையளிக்கக்கூடும் என்பதைக் கணித்து, அவரது ஆற்றலுக்கேற்ற பயிற்சியை அளிக்கிறது. தவறிய பாடம் மீண்டும் வருகிறது, ஏளனம் வருவதில்லை. 40 பிள்ளைகளை ஒருசேர அமர்த்தி ஓதிக்கொடுக்கும் நமக்கு இது எளிதன்று.

எனினும், ஒலியைக் கேட்டு எழுத்தைத் தொடும் விளையாட்டு, பிள்ளையின் நா எங்கு நிற்கிறது என்பதை அறியாது. மக்ரஜைத் திருத்திக்கொள்ள உஸ்தாதின் முன் அமர்ந்தே ஆகவேண்டும். மேலும், தொடர்ந்து ஆடிய நாட்களின் கணக்கு அறுந்துவிடுமோ என்று, அஸர் பாங்கு ஒலித்தும் அவன் எழாதிருந்த நாளும் உண்டாம். நேரத்தை வரையறுப்பது பெற்றோரின் பொறுப்பு.

திக்கித் திணறி ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டென நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். அதனை மேடைகளில் எடுத்துரைத்த நாமே வகுப்பறையில் மறந்திருந்தோம். இப்போது அவன் தவறும்போது, “இன்னொரு தடவை ஓதுப்பா” என்று மட்டுமே சொல்கிறோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.