செம்பட்டியில் ஒரு பழைய வீடு

திண்டுக்கல்லினின்று வத்தலக்குண்டு செல்லும் சாலையும், மதுரைப் பக்கமிருந்து நிலக்கோட்டை வழியாகப் பழநிக்குப் போகும் சாலையும் குறுக்கிடும் ஊர் செம்பட்டி. கொடைக்கானலுக்கு விரைவோர் இதனைத் தேநீர்க் கடைகளின் வரிசையாக மட்டுமே அறிவர். சாலையை விட்டுச் சற்று உள்ளே நடந்தால் ஓட்டு வீடுகள் நிற்கும் பழைய தெருக்களைக் காணலாம். மேற்கே, ஆத்தூர்ப் பக்கம், மலையின் நீலம் தெரியும்.

அத்தகைய தெரு ஒன்றில் என் அத்தையின் வீடு விலைக்கு வந்தது. முதுமையில் தனித்திருக்க இயலாமல், அவர் கோவையிலுள்ள மக்களோடு சென்று வாழ இசைந்திருந்தார். மூத்த மகனுக்குக் கடன் இருந்தது. ஆதலால் நல்ல விலை வேண்டும். ஆவணி மாதம் நான் சென்றபோது செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தது.

கறையான் அரித்த ரீப்பர்களை மாற்றி, பிளந்த முகட்டு ஓடுகளை எடுத்துப் புதியன வைத்தாயிற்று. இளையவர் கூடத்திற்குப் பளபளக்கும் தரை போட விரும்பினார். வாங்குபவர் தம் விருப்பம்போல் பெயர்த்தெறியக் கூடியதற்கு நாம் ஏன் செலவிடவேண்டும்? அது கைவிடப்பட்டது.

வழக்கெல்லாம் வடக்குச் சுவரைப் பற்றியது. இயேசுவின் திருஇருதயப் படம் மாட்டியிருந்த இடத்திற்குப் பின்னே உப்புப் பூத்து, காரை உதிர்ந்திருந்தது. "சிமெண்டு பூசி வண்ணம் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்றார் மூத்தவர். முதிய கொத்தனார் தலையசைத்தார். "தம்பி, இது மண்சாந்துச் சுவர். சிமெண்டு மூடினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். அடுத்த மழையில் ஆளுயரத்தில் தெரியும்" என்றார். வெளிப்புறம் சுவரை ஒட்டிக் குவிந்திருந்த மண்ணை அகற்றி, முற்றத்து நீர் விலகி ஓடச் சரிவு அமைத்து, உள்ளே சுண்ணாம்புச் சாந்து பூசுவதே அவர் சொன்ன வழி. அதற்குப் பின்னும் சுவர் உலர மாதங்கள் ஆகும்.

1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, தமக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாததுமான பெருங்குறையை விற்பவர் சொல்லியாகவேண்டும் என்கிறது. கோடையில் வீடு பார்க்க வருபவர் ஐப்பசி ஒழுக்கை எப்படி அறிவார்? விவிலியமும் இதில் வாளாவிருக்கவில்லை. லேவியர் நூலின் 14ஆம் அதிகாரம் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை தோன்றிய வீட்டைப் பற்றிப் பேசுகிறது. குரு வந்து பார்த்து ஏழு நாள் அடைத்துவைக்க வேண்டும். பின்னும் பரவியிருந்தால் கெட்ட கற்களைப் பெயர்த்து, உட்புறத்தைச் சுரண்டி, புதுக் கல்லும் புதுச் சாந்தும் இடவேண்டும். வெள்ளையடித்து மூடிவிட அங்கே இடமில்லை!

கொத்தனாரின் சொற்படியே வேலை முடிந்தது. வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டுவரி ரசீதுகள் ஆகியவற்றை இளையவர் திரட்டிவைத்தார். வீடு பார்க்க ஆத்தூர்க் குடும்பம் ஒன்று வந்தபோது அத்தை தாமே படத்தைக் கழற்றிச் சுவரைக் காட்டினார். அவர்கள் விலையைச் சிறிது குறைத்துக் கேட்டனர். மூத்தவர் முகம் வாடியது, எனினும் மறுக்கவில்லை. முன்பணம் பெற்றுக்கொண்டு, பத்திரப் பதிவைக் கார்த்திகைக்குப் பின் வைத்துக்கொள்ளலாம் என்றார் அத்தை. வாங்குபவர் ஒரு மழையைப் பார்த்துவிடட்டும் என்பது அவர் எண்ணம்.