எண்ணுக்குள் அடங்காத பைரவி

நெய்வேலி நகரியத்தில் வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். கணக்கில் கெட்டி. 72 மேளகர்த்தா ராகங்களின் அட்டவணையையும் ஒரே வாரத்தில் ஒப்பித்துவிடுவார்கள்.

17-ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் காலத்து வேங்கடமகி போட்ட கணக்கு அது. ரி-க சேர்க்கை 6, த-நி சேர்க்கை 6, மத்தியமம் 2, பெருக்கினால் 72. அவர் நாளில் வழக்கில் இருந்தவை 19 மேளங்கள்தான். மற்றவற்றுக்கும் அந்தக் கணக்கே வாசல் திறந்தது. பின்னாளில் கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் தமிழிலேயே கீர்த்தனைகள் செய்தார். அதனால் அந்த அட்டவணையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பெயரின் முதல் இரண்டு எழுத்திலேயே மேளத்தின் எண்ணை ஒளித்து வைத்திருப்பதும் அழகுதான். ஹ 8, ரி 2. திருப்பிப் போட்டால் ஹரிகாம்போதி 28. 'அரி' என்று எழுதினால் கணக்கு தப்பிவிடும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பேன்.

சிக்கல் பைரவியில் வந்தது. நன்றாகப் பாடும் ஒரு பெண், பைரவி முழுக்கச் சுத்த தைவதத்தையே பிடித்தாள். கேட்டால், "இருபதாவது மேளம் நடபைரவியின் ஜன்யம்தானே சார்?" என்றாள். சரிதான். ஆனால் பைரவி மேலே ஏறும்போது சதுச்ருதி தைவதத்தைத் தொடும். இறங்கும்போதுதான் சுத்த தைவதம். தாய் வீட்டில் இல்லாத சுரம் மகளிடம் இருக்கிறது. காம்போதியும் அப்படித்தான். ச நி ப த ச என்ற பிடியில் காகலி நிஷாதம் வரும். ஹரிகாம்போதியில் அது கிடையாது.

அட்டவணையை மூடி வைத்துவிட்டு, அவளுக்குக் கௌசிகப் பண்ணில் தேவாரம் சொல்லிக் கொடுத்தேன். ஓதுவார்கள் அந்தப் பண்ணைப் பைரவியில் பாடுகிறார்கள். ஒவ்வொரு வரியையும் நான் பாட, அவள் திருப்பிப் பாடினாள். மூன்றாவது வாரம் தைவதம் தானாக இடத்தில் வந்து உட்கார்ந்தது.

பண்களை வகுத்தவர்கள் பொழுதை வைத்து வகுத்தார்கள்: பகற்பண், இராப்பண், பொதுப்பண். பூபாளத்தில் பாடும் புறநீர்மை பகலுக்கு. நீலாம்பரியில் பாடும் மேகராகக்குறிஞ்சி இரவுக்கு. எங்கள் ஊரில் இதை விளக்கவே வேண்டியதில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து அப்பா தூங்கும் வீட்டில், எந்த நேரத்தில் எதைப் பாடலாம் என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

பண் குரல்வழி வந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் இராஜேந்திரப்பட்டினம் இருக்கிறது. பழைய பெயர் எருக்கத்தம்புலியூர்; தேவாரப் பாடல்களை யாழில் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். தில்லையில் கிடைத்த தேவார ஏடுகளுக்குப் பண் தெரியாமல் நின்றபோது, நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னரும் அந்த மரபில் வந்த ஒரு பெண்ணிடம் போனார்கள் என்கிறது திருமுறைகண்ட புராணம். பாடல்கள் ஏட்டில் இருந்தன. பண் அவள் குரலில் இருந்தது. அவள் பாடிக் காட்டியபடி பண்ணை அமைத்தார்கள். இன்றும் முதல் திருமுறை நட்டபாடையில்தான் தொடங்குகிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் பைரவி எத்தனையாவது மேளம் என்று கேட்காதீர்கள். பைரவியில் ஒரு பிடி பாடச் சொல்லிக் கேளுங்கள்.