கேட்கிற நாள் மட்டும் ரகசியமாக இருக்கட்டும்

மழை விட்டு இரண்டு நாளாக மேற்கு மலை தெளிவாகத் தெரிகிறது. ரொம்ப நாளாக எழுதணும் என்று நினைத்திருந்ததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. வேலையை முடித்துவிட்டுப் படியுங்கள்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம், என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்த ஒருவன் பொட்டிபுரத்தில் நம் வீட்டுக்கு வந்தான். பெயர் சொல்ல மாட்டேன். உங்களில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். இப்போது சென்னையில் வேலை. 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயில் நின்றபோது அவன் பள்ளிக்கூடப் பையன். 2023 ஜூனில் அகல ரயில் போடிக்கு வந்தபோது நேராகச் சென்னையிலிருந்து ஏறி வந்து இறங்கினான். பிள்ளைகள் வளர்வது நமக்கு இப்படித்தான் தெரிகிறது.

காபியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"டீச்சர், ஒரு ஒத்தாசை பண்ணணும். அவகிட்ட ப்ரபோஸ் பண்ணப் போறேன். அவளுக்குத் துளிகூடத் தெரியக்கூடாது."

எனக்கு ஆச்சரியம். இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரியும். தை பிறந்ததும் பூ வைக்கலாம் என்று பேசிவிட்டார்கள். பிறகு எதற்கு என்று கேட்டேன்.

"எல்லாரும் பேசுறாங்க டீச்சர். மண்டபம் பேசுறாங்க, நகை பேசுறாங்க. நான் இன்னும் அவகிட்ட கேக்கவே இல்ல. பெரியவங்க தட்டு மாத்துறதுக்கு முன்னாடி நானா ஒரு தடவ கேக்கணும்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே உதவலாம் என்று முடிவு செய்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அவன் போட்டிருந்த திட்டத்தைக் கேளுங்கள். கொழுக்குமலையில் சூரிய உதயம். அவளை 'டூர்' என்று சொல்லிக் கூட்டிப்போவது. நண்பர்கள், மதினி, சித்தி மகள் என்று பன்னிரண்டு பேர் முன்னாடியே போய் மறைந்திருப்பது. சூரியன் வந்ததும் இவன் மண்டியிடுவது, அவர்கள் கைதட்டி வெளியே வருவது, மேலே ட்ரோன் படம் எடுப்பது. 2021 அக்டோபர் 7-ஆம் தேதி துபாய் மைதானத்தில் நம் சென்னை அணியின் தீபக் சாஹர், பஞ்சாப் அணியோடு நடந்த ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர் வரிசைக்கு ஏறிப்போய் ஜெயா பரத்வாஜிடம் மோதிரத்தை நீட்டினாரே, அதை எனக்குப் போனில் போட்டுக் காட்டினான். அடுத்த வருஷம் ஜூனில் ஆக்ராவில் அவர்கள் கல்யாணமும் நடந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. "சரிப்பா, அவ வேண்டாம்னு சொன்னா எப்படி இறங்கி வருவா?"

பையன் முழித்தான்.

கொழுக்குமலை நம் தேனி மாவட்டம்தான். ஆனாலும் வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளாவுக்குள் போய், சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் போக முடியும். ஏழாயிரம் அடிக்கு மேலே, விடியாத இருட்டில், குண்டும் குழியுமான பாதை. குரங்கணிப் பக்கம் நடந்து இறங்கலாம் என்று யாரும் நினைக்கவே கூடாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி அந்தச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் போனதை நம் ஊர் மறக்காது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக்கூடாது. ஆக, அவள் "யோசிக்கணும்" என்று சொன்னால்கூட, அதே ஜீப்பில், அதே பன்னிரண்டு பேரோடு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வர வேண்டும். அந்த இடத்தில் எந்தப் பெண் 'யோசிக்கணும்' என்று சொல்வாள்? சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அழுவாள்.

தமிழ் டீச்சரிடம் மாட்டிக்கொண்டானே, விடுவேனா? மடலேறுதல் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். பனை மடலில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டு, அவள் உருவம் எழுதிய படத்தைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் வந்து நிற்பான் தலைவன். ஊர் கூடும். இந்தப் பையன் செத்துக்கித்து வைக்கப்போகிறான், பெண்ணைக் கொடுத்துவிடுங்கள் என்று ஊரே பேசும். குறளில் 'நாணுத்துறவுரைத்தல்' அதிகாரமே இதுதான். மடல் பாடியே பெயர் வாங்கிய மாதங்கீரனார் என்று ஒரு சங்கப் புலவர்கூட உண்டு. ஆனால் பாடல்களில் பெரும்பாலும் 'மடலேறுவேன்' என்ற மிரட்டலைத்தான் பார்க்கிறோம். ஊரைக் கூட்டி வைத்துக் கேட்பது கேள்வி இல்லை, நெருக்கடி என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பனங்குதிரைக்குப் பதில் ட்ரோன் வந்தால் மட்டும் அது மாறிவிடுமா?

அடுத்ததாக, "கல்யாணத்துக்கு அப்புறம் எங்க இருக்கப் போறீங்க?" என்றேன்.

"சென்னைலதான் டீச்சர்."

"அவளுக்குக் கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சிருக்குன்னு அவ அம்மா சொன்னாங்களே?"

பதில் இல்லை. அதைப்பற்றி இருவரும் பேசவே இல்லை. அவள் சொல்ல வந்தபோதெல்லாம் இவன் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிவிட்டிருக்கிறான். மோதிரம் பார்க்க மூன்று கடை ஏறியவனுக்கு இதைப் பேச நேரமில்லை.

கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். கேட்கப்போகிற நாள் அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம், இடம் தெரியாமல் இருக்கலாம். கேள்வியே அவளுக்குப் புதிதாக இருக்கக்கூடாது. எங்கே குடியிருப்பது, வேலையை விடுவதா, அம்மா அப்பாவை யார் பார்ப்பது, கடன் எவ்வளவு இருக்கிறது, இதெல்லாம் முதலில் பேசித் தீர வேண்டும். அதற்குப் பிறகு வருகிற மோதிரம்தான் சந்தோஷம். அதற்கு முன்னால் வந்தால் அது பரீட்சைத் தாள். படிக்காத பாடத்தில் கேள்வி வந்த மாதிரி பிள்ளை திணறும்.

முகம் சுருங்கிப் போய்விட்டான். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினான். இனி வர மாட்டான் என்றுதான் நினைத்தேன்.

டிசம்பரில் போன் வந்தது. "பேசிட்டோம் டீச்சர். ரெண்டு வாரம் சண்டை. அவ கோயம்புத்தூர் வேலைல சேரட்டும், நான் ஒரு வருஷத்துல அங்க மாத்திக்கிறேன். இப்பக் கேக்கலாமா?"

இப்போது கேட்கலாம் என்றேன். அகத்திணையில் தோழி தலைவனிடம் 'சீக்கிரம் மணந்துகொள்' என்று சொல்வதற்கு வரைவு கடாதல் என்று பெயர். குறிஞ்சித் திணையில் அதற்குப் பஞ்சமே இல்லை. இந்த மலையடிவாரத்தில் அறுபது தாண்டி எனக்கு அந்த வேடம் கிடைத்தது.

இனி ரகசியம் காப்பது எப்படி என்கிற விஷயம். பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் பயன்படும். நம் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் வைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் உங்களுக்குத் தெரியும். நொடிக்கு லட்சம் கோடிக்கணக்கான நியூட்ரினோக்கள் நம் உடம்பு வழியே போகின்றன, நமக்குத் தெரிவதில்லை. ஆனால் நம் ஊரில் ஒருவன் மோதிரத்தோடு நாலு தெரு போக முடியுமா? மறுநாள் விடியும் முன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் அதுதான் பேச்சாக இருக்கும்.

அதனால் முதல் விதி, மோதிரத்தை உள்ளூரில் வாங்காதே. பெண்ணின் அப்பா ஏலக்காய்க் கடையில் இருக்கிறார். கடைத்தெருவில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். மதுரையில் வாங்கச் சொன்னேன். பணம் கட்டிய குறுஞ்செய்தி போனில் வந்து விழும்போது அவள் பக்கத்தில் இருக்கக்கூடாது, அதையும் சொன்னேன்.

அளவு எடுக்க நூல், பேப்பர் என்று எதுவும் வேண்டாம். அவளுடைய நெருங்கிய தோழி ஒருத்தி போதும். பேச்சுவாக்கில் அவள் மோதிரத்தை வாங்கித் தன் விரல்களில் போட்டுப் பார்க்க வேண்டும். எந்த விரலில் சரியாக உட்காருகிறதோ, அந்த விரலோடு நகைக்கடைக்குப் போனால் முடிந்தது.

ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். தோழி, நான், அவ்வளவுதான். பன்னிரண்டு பேரில் யாராவது ஒருத்தர் கல்யாண வீட்டில் உளறியே தீருவார்.

கடைசி விதிதான் முக்கியம். பொய் சொல்லாதே, வழக்கத்தை மாற்றாதே. இல்லாத அலுவலகக் கூட்டம், இல்லாத நண்பன் கல்யாணம் என்று பொய் அடுக்கினால், மறைப்பது மோதிரம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வேறு ஏதோ என்று நினைத்து மனது உடைந்துவிடும். அவர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தத் தோழியையும் சேர்த்துக்கொண்டு மூணாறு பஸ்ஸில் போடிமெட்டு வரை போய், டீ குடித்துவிட்டு இறங்குவது வழக்கம். அதையே வைத்துக்கொள் என்றேன். பஸ் உண்டு, துணைக்குத் தோழி உண்டு. பிடிக்கவில்லை என்றால் அவள் தன் பாட்டுக்கு இறங்கி வந்துவிடலாம்.

பொங்கல் முடிந்த மறுநாள் போனார்கள். அன்றைக்கென்று பார்த்து மேகம் இறங்கி, கீழே போடியும் தெரியவில்லை, எதிரே மலையும் தெரியவில்லை. தோழி 'இன்னொரு டீ' என்று கடையிலேயே நின்றுவிட்டாள். ரோட்டோரத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது இவன் கேட்டிருக்கிறான். மண்டியிடவில்லை, கல் குத்தும் என்று உட்கார்ந்தபடியே கேட்டானாம்.

அவள் முதலில் சொன்னது, "எருமை, முன்னாடியே சொல்லிருந்தா தலைக்குக் குளிச்சிருப்பேன்ல!" அவளை அன்று நன்றாகக் கிளப்பிக் கூட்டிவரும் பொறுப்பு தோழிக்கு. பதற்றத்தில் மறந்துவிட்டாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருக்கிறாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் தன் வாழ்க்கையிலேயே நீளமானது என்று அவன் சொன்னான். பிறகு கையை நீட்டினாள். கைதட்ட யாருமில்லை, படமும் இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை அவளுக்குக் கொடுக்கத்தான் நான் இவ்வளவு பாடுபட்டேன்.

இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் உதவினேன் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? 1983-ல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி. "பொண்ணுக்குச் சம்மதமா?" என்று அவர்கள் எங்கள் அய்யாவிடம் கேட்டார்கள். "நாங்க சொன்னா அவளுக்குச் சரிதான்" என்றார் அய்யா. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நல்ல மனிதர்தான் வாய்த்தார், குறையில்லை. ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் ஒரு ஓரமாக அப்படியே இருந்தது.

போடிமெட்டுக் கதையை எங்க வீட்டுக்காரரிடம் சொன்ன அன்று ராத்திரி இதையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் நான் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, அன்னிக்கு உனக்குச் சம்மதமா இருந்துச்சா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் துளிகூட எதிர்பார்க்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே பேப்பரைப் பிரித்தார்.