பெயர் மாறினால் ஆள் வேறு

கிளவுட் வேலைக்கு வந்த முதல் ஏழு மாதமும் எனக்கு எல்லாமே மவுஸ்தான். அமேசான் கன்சோலைத் திறப்பேன், மும்பை ரீஜனைத் தேர்ந்தெடுப்பேன். சர்வர் வேண்டுமென்றால் ஒரு பட்டன், டேட்டாபேஸ் வேண்டுமென்றால் இன்னொரு பட்டன். எதை எப்போது எதற்காகப் போட்டேன் என்பது பாதி நோட்டிலும் பாதி நினைவிலுமாகக் கிடந்தது. ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர், "இதே செட்டப்பை டெஸ்டிங்குக்கு இன்னொன்று போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டார். நான்கு நாள் உட்கார்ந்து கட்டியும் முதலாவதைப் போல இரண்டாவது வரவில்லை. எந்த செக்யூரிட்டி குரூப்பில் எந்த போர்ட்டைத் திறந்துவிட்டிருந்தேன் என்று இரண்டு ஜன்னல்களை அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் குழுவின் சீனியர் என்னைத் தன் பக்கத்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டார். குழுவில் எல்லோருமே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் சொன்னது ஒன்றே ஒன்று: "இனிமே கன்சோல்ல பார்க்கலாம், எதையும் தொடக் கூடாது. வேணும்னா கோட்ல எழுது."

நாங்கள் பயன்படுத்தியது புலுமி. எழுதும் மொழி டைப்ஸ்கிரிப்ட். ஒரு நெட்வொர்க், அதற்குள் மூன்று சப்நெட், ஒரு டேட்டாபேஸ் வேண்டும் என்று சாதாரண நிரலாக எழுதுகிறோம். புலுமி அந்த நிரலை ஓட்டி, நாம் கேட்பவற்றின் பட்டியலைத் தயாரிக்கிறது. ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்பதை ஸ்டேட் என்ற பதிவேட்டில் வைத்திருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அமேசானிடம் சொல்லிச் செய்துகொள்கிறது. செய்வதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறது என்பதை பிரிவ்யூவில் காட்டுகிறது. அந்த பிரிவ்யூ எவ்வளவு முக்கியம் என்று புரிய எனக்கு ஒரு டேட்டாபேஸ் போக வேண்டியிருந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வழிக்குக் கொஞ்சம் வரலாறு உண்டு. அமேசான் 2011ல் கிளவுட்ஃபார்மேஷனைக் கொண்டுவந்தபோது எல்லாவற்றையும் ஜேசான் கோப்பில் எழுத வேண்டும். 2014ல் ஹாஷிகார்ப்பின் டெராஃபார்ம் இதற்கென்றே ஒரு தனிச் சின்ன மொழியோடு வந்து பெரிய அளவில் பரவியது. பொதுவான நிரல்மொழியிலேயே எழுதலாமே என்று சொல்லி 2018ல் புலுமியும், பிறகு அமேசானின் சிடிகேயும் வந்தன. டைப்ஸ்கிரிப்டே 2012ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மொழி. அங்கே அதன் குழுவில் இருந்த லூக் ஹோபன் பின்னால் புலுமிக்கு வந்தார். புலுமியின் அமேசான் இணைப்பு டெராஃபார்முக்காக எழுதப்பட்டதன் மேல்தான் நிற்கிறது. ஆகவே ஒன்றைக் கற்றவருக்கு மற்றது அந்நியமாகத் தோன்றாது.

முதல் பாடம் ஒரு எஸ்3 பக்கெட். நாலே வரி. அதன் பெயரை நான் எழுதி வைத்திருந்த ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தேன். எடிட்டரில் சிவப்புக் கோடு விழுந்தது. அந்த ஃபங்ஷன் கேட்பது ஸ்டிரிங், நீ கொடுப்பது அவுட்புட் என்றது கம்பைலர். பெயர் என்றால் பெயர்தானே, இதில் என்ன அவுட்புட் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"அந்த பக்கெட் இப்போ இருக்கா?" என்று கேட்டார் அக்கா.

"இன்னும் இல்லக்கா. ரன் பண்ணினாத்தான் வரும்."

"அப்போ இல்லாத ஒண்ணோட பேரை இப்பவே கேட்கிற. வாழைக்கன்னு வெச்ச அன்னைக்கே தார் கேட்டா எப்படி?"

அன்றைக்கு அந்த டைப் எனக்குப் புரிந்தது. பக்கெட்டுக்கு நாம் வைக்கும் பெயரின் வாலில் புலுமி தானாகச் சில எழுத்துகளைச் சேர்க்கும், உலகத்தில் வேறு யார் பக்கெட்டோடும் மோதிவிடாமல் இருக்க. முழுப் பெயர் அது உருவான பிறகுதான் நிலைக்கும். இனிமேல்தான் கிடைக்கும் மதிப்பு என்பதைத்தான் அவுட்புட் என்ற டைப் சொல்கிறது. அதோடு வேலை செய்ய வேண்டுமென்றால், "கிடைத்ததும் இதைச் செய்" என்று அப்ளை வழியாகச் சொல்லி வைக்க வேண்டும். எது எதை நம்பியிருக்கிறது என்பதையும் இந்த அவுட்புட்களை வைத்தே புலுமி கண்டுகொள்கிறது. எது முதலில் உருவாக வேண்டும், எவை ஒரே நேரத்தில் உருவாகலாம் என்பதை நான் எங்கேயும் எழுதவில்லை. அதே பெயரைக் கூட்டல் குறி போட்டு ஒரு வாக்கியத்தோடு ஒட்டினால் கம்பைலர் பேசாமல் விட்டுவிடும் என்பதையும் அடிபட்டே கற்றேன். ஓடும்போது பெயர் வர வேண்டிய இடத்தில் நீளமான எச்சரிக்கை ஒன்று வந்து நிற்கும்.

சிவப்புக் கோடு எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நான் நம்பத் தொடங்கிய வாரத்திலேயே சர்வரின் வகையை டி3 மைக்ரோ என்பதற்குப் பதிலாக டி3 மைர்கோ என்று எழுதிவிட்டேன். கோடு விழவில்லை. பிரிவ்யூவும் சரியென்றது. ஓட்டிய பிறகு அமேசான்தான் மறுத்தது. ஏன் என்று தேடினால், அந்த இடத்தில் புலுமி எந்த ஸ்டிரிங்கை வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்ளும். புதிய வகைகள் வந்துகொண்டே இருப்பதால் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். சப்நெட்டிலும் இதே கதைதான். 10.0.0.0/16 என்றால் 65,536 முகவரிகள். அதை /24 துண்டுகளாகப் போட்டால் துண்டுக்கு 256, அதிலும் அமேசான் 5ஐத் தனக்கு வைத்துக்கொள்வதால் நமக்கு 251. இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் கம்பைலருக்கு இரண்டுமே வெறும் ஸ்டிரிங். போர்ட் 22ஐ 0.0.0.0/0க்குத் திறந்துவிட்டால் உலகமே சர்வரின் கதவைத் தட்டும். அதுவும் டைப் கணக்கில் சரிதான்.

அக்காவிடம் போய், "அப்புறம் இந்த டைப்பால என்னக்கா பயன்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. தன் எடிட்டரை என் பக்கம் திருப்பினார்.

எங்கள் குழுவுக்கென்று அவர் எழுதி வைத்திருந்த டேட்டாபேஸ் காம்பொனன்ட் அது. அமேசான் டேட்டாபேஸுக்குக் கொடுக்கக்கூடிய அமைப்புகள் ஏராளம். இவருடைய காம்பொனன்ட் மிகச் சிலவற்றை மட்டுமே கேட்கும். முதலில், எந்தச் சூழல். டெவ், ஸ்டேஜிங், ப்ரொடக்ஷன் என்ற மூன்றே சொற்கள்தான் அங்கே செல்லும், வேறு எதை எழுதினாலும் சிவப்புக் கோடு. டெவ் என்று எழுதினால் அதோடு முடிந்தது. ப்ரொடக்ஷன் என்று எழுதிய கணத்தில் பேக்கப் எத்தனை நாள் என்ற கட்டாயக் கேள்வி வந்துவிடும். அமேசானில் இதை 0 முதல் 35 நாள் வரை வைக்கலாம், 0 என்றால் தானியங்கி பேக்கப்பே கிடையாது. அக்காவின் டைப்பில் 7, 14, 35 மூன்றுக்கு மட்டுமே இடம். ப்ரொடக்ஷனில் 0 என்று எழுத வழியே இல்லை. போர்ட் திறப்பதற்கும் அப்படித்தான். அவருடைய ஃபங்ஷன் முகவரி எண்ணை ஏற்காது. யாருக்குத் திறக்கிறாய் என்று கேட்கும், அதற்குப் பதிலாக இன்னொரு செக்யூரிட்டி குரூப்பை மட்டுமே கொடுக்க முடியும். 0.0.0.0/0 என்று எழுத அங்கே இடமே கிடையாது.

"ப்ரொடக்ஷன்ல பேக்கப் இல்லாம விடக் கூடாதுன்னு ஒரு மீட்டிங்ல பேசி முடிவு பண்ணினோம். பேசினவங்க நாலு பேர்ல ரெண்டு பேர் இப்போ இங்க இல்ல. முடிவு மட்டும் இங்க இருக்கு" என்று அந்த டைப்பைத் தொட்டுக் காட்டினார்.

எழுத்துப்பிழையைப் பிடிப்பதுதான் டைப்பின் வேலை என்று நான் எண்ணியிருந்தது அன்றோடு மாறியது. குழு கூடி எடுத்த முடிவை, நேற்றுச் சேர்ந்த பையன்கூட மீற முடியாதபடி எழுதி வைக்கும் இடம் அது. பொதுமொழியில் எழுதுவதன் பெரிய லாபமாக இதைத்தான் நான் சொல்வேன். டெராஃபார்மிலும் மாறிகளுக்கு டைப் உண்டு, விதி வைத்துச் சோதிக்கவும் முடியும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே விரல் நுனியில் கோடு விழுவதன் சுகம் எனக்கு இங்கேதான் கிடைத்தது.

இப்போது அந்த டேட்டாபேஸ்.

எங்கள் ஆர்டர் டேட்டாபேஸுக்குக் கோடில் "டிபி1" என்று பெயர். பழைய காலத்தில் யாரோ வைத்தது. பார்க்கும்போதெல்லாம் உறுத்தும். ஒரு மாலை அதை "ஆர்டர்ஸ்-டேட்டாபேஸ்" என்று மாற்றினேன். மேற்கோள் குறிகளுக்குள் ஒரே ஒரு சொல். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேஜிங்கில் பிரிவ்யூ ஓட்டினேன். உருவாக்க 1, அழிக்க 1, மாற்றமில்லாதவை 41 என்று காட்டியது. பெயர் மாறுகிறது, அதைத்தான் இப்படிச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு எஸ் என்று அடித்தேன். புதிய டேட்டாபேஸ் ஒன்று காலியாக எழுந்து நின்றது. பிறகு பழையது அழிக்கப்பட்டது. ஸ்டேஜிங் என்பதால் கடைசி ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டாம் என்று எப்போதோ அமைத்திருந்தோம். டெஸ்டிங் குழு மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த தரவு முழுவதும் போய்விட்டது.

அக்கா சத்தம் போடவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஸ்டேட்டைத் திறந்து அந்த டேட்டாபேஸின் முழு அடையாளத்தைக் கையால் எழுதச் சொன்னார். எழுதினேன். ஸ்டாக்கின் பெயர், பிராஜெக்டின் பெயர், எந்த வகை, கடைசியில் நாம் கொடுத்த பெயர். இந்த நான்கும் சேர்ந்ததுதான் புலுமிக்கு ஒரு பொருளின் அடையாளம்.

"இதுல எதை மாத்தின?"

"கடைசியில இருக்கிற பேரை."

"அதுக்குப் பேர் மாறினா ஆள் வேற. பழைய ஆளைப் பட்டியல்ல காணோம், அதனால அனுப்பி வெச்சிடுச்சு. நீ சொன்னதைத்தான் செஞ்சது."

அதன் மாற்று மருந்தும் கோடிலேயே இருக்கிறது. ஏலியஸ் என்று ஒரு வரி சேர்த்து, "இவருக்கு முன்பு டிபி1 என்று பெயர்" எனச் சொல்லிவிட்டால் புலுமி பழையவரை அடையாளம் கண்டுகொள்ளும். ப்ரொடெக்ட் என்று இன்னொரு வரி போட்டால், அழிக்கும்படி வரும் எந்த மாற்றத்தையும் பிரிவ்யூவிலேயே தடுத்து நிறுத்தும். ப்ரொடக்ஷன் டேட்டாபேஸில் அது ஏற்கெனவே இருந்தது. நான் அங்கே முதலில் ஓட்டியிருந்தாலும் நடந்திருக்காது. ஸ்டேஜிங்கில் இல்லை. மறுநாள் டெஸ்டிங் குழுவிடம் நானே போய்ச் சொன்னேன், தரவைத் திரும்பச் சேர்க்க அவர்களோடு உட்கார்ந்தேன்.

லூப் எழுதுவதிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. மும்பையில் மூன்று அவெய்லபிலிட்டி ஸோன்கள். சப்நெட்களுக்கு 0, 1, 2 என்று வரிசை எண்ணை வைத்துப் பெயர் கொடுத்திருந்தேன். முதல் ஸோனைப் பட்டியலிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, மிச்சமிருந்தவை ஒவ்வொன்றும் முன்னால் நகர்ந்து இன்னொன்றின் பெயரில் வந்து நின்றன. சப்நெட்டின் ஸோனை மாற்ற முடியாது, அழித்துத்தான் கட்ட வேண்டும். பிரிவ்யூவில் கூட்டலும் கழித்தலும் சேர்ந்த குறி வரிசையாக வந்தது. இந்த முறை எஸ் அடிக்கவில்லை. வரிசை எண்ணை எடுத்துவிட்டு ஸோனின் பெயரையே சப்நெட்டின் பெயராக்கினேன். அதற்கும் ஏலியஸ் எழுத மறக்கவில்லை.

எழுதுவது சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று டைப் சொல்லும். வெளியே எது ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் யாருடைய மூன்று வார உழைப்பு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அந்த இடத்தை நம் கண்தான் நிரப்ப வேண்டும். எங்கள் குழுவில் இப்போது பிரிவ்யூவின் முழு வெளியீட்டையும் ரிவ்யூவில் சேர்க்காமல் எந்த நிரல் மாற்றமும் உள்ளே போவதில்லை. நான் கேட்டு வைத்த விதி அது.

ப்ரொடக்ஷனில் டிபி1 என்ற பெயரையும் பிறகு மாற்றினேன், ஏலியஸோடு. உருவாக்க எதுவுமில்லை, அழிக்க எதுவுமில்லை என்று வந்ததை அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் எஸ் அடித்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். டைப் எல்லாம் பச்சையாக இருந்தாலும், எஸ் என்று அடிப்பதற்கு முன் அழிக்கப்படுவது எத்தனை என்ற அந்த ஒரு வரியைப் படியுங்கள். அங்கே 1 என்று இருந்தால், அது எது என்று தெரியும்வரை விசைப்பலகையில் கை வைக்காதீர்கள்.